வெறுங்கையோடு எழாத வீடு

அத்தியாயம் 17

சென்ற வாரம் தங்கசாமியை நாற்காலி மேல் ஏற்றி, கையில் ஈரத்துணியைக் கொடுத்து, ஃபிரிட்ஜின் உச்சியைத் துடைக்கவிட்டு வந்துவிட்டோம். அறுபத்திரண்டு வயது மனிதரை ஏழு நாள் அந்தரத்தில் நிறுத்தலாமா என்று சுரண்டையிலிருந்து ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருந்தார். கவலைப்பட வேண்டாம் தாயி, மனிதர் பத்திரமாக இறங்கிவிட்டார்.

இறங்கினவர் துணியை அலசிப் பிழிந்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் உதறி விரித்துப் போட்டார். சனிக்கிழமை காலை ஆறரை மணி. வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. பொதிகை வண்டி தென்காசிக்கு வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

அந்த வண்டியில்தான் அவர் மனைவி ஆனந்தவள்ளி வருகிறாள், எழுபத்தோரு நாள் கழித்து. சென்னையில் வேலை பார்க்கும் மகள் நிவேதா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள் என்று தகவல் வந்த அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள். இப்போது எலும்பு கூடிவிட்டது. வியாழக்கிழமை நிவேதா போனில் சொன்னதைத்தான் தங்கசாமி இரண்டு நாளாக மென்றுகொண்டிருக்கிறார்.

"அம்மாவும் நானும் வாரோம்ப்பா. வீட்டைப் பத்திப் பேசணும். நீங்க வீட்டை எப்படி வச்சிருக்கீங்கன்னு பாத்துட்டுதான் அம்மா முடிவு சொல்லுவாளாம்."

முப்பத்தாறு வருஷம் காவல்துறையில் இருந்தவருக்கு இதற்கு மேல் துப்பு வேண்டுமா? கிழவனுக்குத் தனியாக வீட்டைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை, பூட்டிவிட்டு சென்னைக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று அம்மாவும் மகளும் பேசி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு இன்ஸ்பெக்‌ஷன். டி.எஸ்.பி. வருகிறார் என்றால் ஸ்டேஷன் எப்படி இருக்க வேண்டும் என்று தங்கசாமிக்குத் தெரியும்.

இந்த வீட்டை விட்டு அவர் போகமாட்டார். பதினோரு ஊர் குவார்ட்டர்ஸில் குடியிருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு கட்டிய முதல் சொந்த வீடு. சுவரில் ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதற்காகவே கூடத்தில் நான்கு ஆணிகள் சும்மா அடித்து வைத்திருக்கிறார்.

ஊருக்குப் போகும்போது ஆனந்தவள்ளி பெரிய பட்டியல் எதுவும் தரவில்லை. ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக ஒன்றே ஒன்று சொன்னாள். "எந்திரிக்கும்போது வெறுங்கையோட எந்திரிக்காதீக. அது போதும்."

முதல் மூன்று நாள் அவர் வெறுங்கையோடுதான் எழுந்தார். நாற்காலியைச் சுற்றி ஐந்து டம்ளர்கள் வட்டம் கட்டி நின்றன, ஒன்றில் எறும்பு வேறு. கழற்றிய சட்டைகள் சோபாவில் மல்லாந்து கிடந்தன. நாலாம் நாள், தெரு முனையில் வீட்டு வேலை பார்க்கும் உலகம்மாளைக் கூப்பிடலாமா என்று எழுந்தவர், எழுந்த வாக்கில் ஒரு டம்ளரைக் கையில் எடுத்தார். எடுத்ததைக் கழுவினார். கழுவினதால் தொட்டி நனைந்தது, தொட்டியைத் துடைத்தார். அவ்வளவுதான் ஆரம்பம்.

மற்றதெல்லாம் அவருக்கே தெரிந்திருந்தது. முப்பத்து நாலு வருஷம் பேப்பருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், பார்க்கிறோம் என்று தெரியாமலே. ஆனந்தவள்ளி அடுப்பைச் சூடு ஆறுவதற்குள் துடைத்துவிடுவாள். குளித்தவர் குளியலறைத் தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். படுக்கையை மடித்த பிறகுதான் காப்பி. சாரல் காலத்தில் உப்பு ஜாடியில் நாலு அரிசி போடுவாள், வெயில் எட்டிப் பார்க்கிற பத்து நிமிஷத்தில் பீரோக் கதவுகளை விரியத் திறந்து வைப்பாள். எதற்கும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் அவள் செலவழித்து அவர் பார்த்ததில்லை. தீபாவளிக்கு ஊரே ஒட்டடைக் கம்போடு ஆடும்போது அவள் பாட்டுக்கு முறுக்கு பிழிந்துகொண்டிருப்பாள்.

இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு தங்கசாமி ரயில் ஸ்டேஷனுக்குப் போனார்.

* * *

ஆனந்தவள்ளி வீட்டுக்குள் வாசல் வழியாக வரவில்லை. மழைக்காலத்தில் அவள் என்றைக்கும் பின்வாசல்தான். கால் கழுவி, சாக்கில் மிதித்தவள் ஒரு விநாடி நின்று குனிந்து பார்த்தாள். சாக்கு காய்ந்திருந்தது. சாரலில் சாக்கு காய்ந்திருக்க வேண்டுமானால் தினம் இரண்டை மாற்றிப் போட வேண்டும்.

பிறகு மெதுவாக ஒரு சுற்று வந்தாள். தங்கசாமி இரண்டடி பின்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. நிவேதா சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

குளியலறையில் வாளியைத் தூக்கி அடியில் தடவினாள். வழவழப்பு இல்லை. உப்பு ஜாடியைத் திறந்தாள். உப்பு பொலபொலவென்று இருந்தது. பீரோவில் தொங்கிய அவருடைய பழைய தோல் பெல்ட்டை மூக்கருகே கொண்டுபோனாள். வருஷா வருஷம் சாரலுக்குப் பூசணம் பூக்கிற பெல்ட் அது. இப்போது தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது.

கடைசியாகச் சமையலறைக் கதவைத் தள்ளி, ஆணியில் தொங்கிய துடைக்கிற துணியை எடுத்தாள். ஊருக்குப் போன அன்று அவருடைய பழைய வேட்டியில் அவளே கிழித்துப் போட்ட துண்டு. அப்போது புதுசு மாதிரி இருந்தது. இப்போது வெளிச்சத்தில் பிடித்தால் அடுத்த பக்கம் தெரிந்தது. நேற்று ஒருநாள் துடைத்து அப்படி ஆகாது என்று அவளுக்குத் தெரியாதா? அந்தத் துணியை அவள் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

"நல்லா வச்சிருக்கீக" என்றாள்.

சர்வீஸ் புத்தகத்தில் குட் சர்வீஸ் என்ட்ரி விழுந்தபோதுகூட தங்கசாமிக்கு இப்படி நெஞ்சு நிமிரவில்லை. அவள் முகம் ஏன் வாடியது என்று ஒரு கேள்வி வந்ததுதான். ராத்திரி முழுக்க ரயில், அலுப்பு என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

காப்பி போட்டாள். பாலை இறக்கியதும் அடுப்பைத் துடைக்கக் கை நீட்டினாள். அதற்குள் அங்கே இன்னொரு கை துணியோடு வந்து துடைத்துக்கொண்டிருந்தது. ஆனந்தவள்ளி கையை இழுத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையருகே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். காலை ஒன்பது மணிக்கு அவள் உட்கார்ந்து தங்கசாமி பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டு சுல்தான் பீவி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, அண்ணாச்சி இந்த இரண்டு மாசமாக எங்க வீட்டு ஆம்பிளைகளுக்கெல்லாம் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார் என்று சிரித்தாள். ஆனந்தவள்ளியும் சிரித்தாள், கொஞ்சமாக.

* * *

சாரல் காலத்தில் ஒரு சனிக்கிழமை ஐந்தருவிக்குப் போவது அவர்களிடம் பழைய வழக்கம். பதினோரு மணிக்கு மூவரும் காரில் கிளம்பினார்கள். ஆனந்தவள்ளி மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போய்விட்டாள். வழுக்குப் பாறையில் நிவேதாவை விட முடியாது. அப்பாவும் மகளும் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எண்ணெய் தேய்த்த உடம்புகள் பளபளவென்று நடந்து போயின. ஒரு குரங்கு யாருடைய சோப்பையோ கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது.

தொண்ணூற்றி நான்கில் இங்கேதான் அவருக்கு சீசன் டியூட்டி. கல்யாணமாகி இரண்டாவது வருஷம். அருவியடியில் எட்டு மணி நேரம் விசில் ஊதிவிட்டு, நனைந்த கோழியாக குவார்ட்டர்ஸுக்குத் திரும்புவார். ஒரே அறை. நான்கு சுவரும் பச்சைப் பாசி. ஆனந்தவள்ளி கரி அடுப்பின் மேல் பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, அதில் காக்கிச் சட்டையைப் போட்டுக் காயவைப்பாள். புகை வாசத்தோடுதான் மறுநாள் டியூட்டிக்குப் போவார்.

பாசிச் சுவரை அவள் ஒரு நாளைக்கு ஒரு முழம் என்று தேய்த்தாள். அதற்கு மேல் தேய்க்கமாட்டாள். நாலாவது சுவர் முடியும்போது முதல் சுவரில் பச்சை திரும்பியிருக்கும், மறுபடி அங்கிருந்து தொடங்குவாள். என்னத்துக்கு இந்த வீண் வேலை, எந்த நேரமும் வேற ஊருக்கு மாத்திருவான் என்று அவர் சொன்னார். எந்த நேரமும் மாத்திருவான் என்பதால்தான் வீடு எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டும் என்றாள் அவள். மாற்றல் வந்தது. வாசலில் லாரி நின்றது. அன்றைய ஒரு முழத்தைத் தேய்த்து முடித்து, கையைக் கழுவிவிட்டுத்தான் ஏறினாள்.

அந்தப் புகை வாசம் இப்போது மூக்கில் வந்து நின்றது. தங்கசாமிக்குக் கண் கலங்கியது. சாரல் என்பதால் யாருக்கும் தெரியாது. அந்த ஒற்றை அறையில் இருந்த மாதிரி பிறகு எந்த வீட்டிலும் தாம் சந்தோஷமாக இருந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. உண்மையும் அதுதான்.

இந்த இளக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது என்று மகள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, சுத்தி வளைச்சுப் பேச வேண்டாம். நான் சென்னைக்கு வரல. வீட்டப் பூட்ட மாட்டேன். ஒத்தையில பாத்துக்கிட முடியுமான்னுதான கேட்டீக? பாத்தீகல்லா."

நிவேதா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அப்பா, உங்கள யாரு கூப்பிட்டா?"

அருவிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று அவர் காதைக் கொடுத்தார். நிவேதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரலில் பாவம் பார்க்கிற தொனி இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அம்மாட்ட கேளுங்க. அவளே சொல்லட்டும்."

அதற்குள் ஆனந்தவள்ளி ஈரத் தலையை உதறிக்கொண்டு வந்துவிட்டாள். ஈரப் புடவையை ஒட்டப் பிழிந்து, பிளாஸ்டிக் பையில் சுருட்டி, காரில் சொட்டாதபடி முடிச்சுப் போட்டாள். அருவியில் நனைந்துவிட்டு வரும்போது அவள் முகம் எப்போதும் இருபது வயதுக்குப் போய்விடும். இன்றும் போயிருந்தது. தங்கசாமி கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

* * *

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணிகள் பின்கட்டுக் கொடிக்குப் போயின, கார் மிதியடி தட்டிச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டது, ஐந்து நிமிஷத்தில் குளித்து வந்த அடையாளமே இல்லை. நிவேதா மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். ஐந்து மணிக்கு ஆனந்தவள்ளி இரண்டு டம்ளர் காப்பியோடு கூடத்துக்கு வந்து, இடுப்பில் செருகியிருந்த ஒரு கவரை அவரிடம் நீட்டினாள்.

தங்கசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சென்னையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி. நாற்பது அறை. நிவேதாவின் சிநேகிதியுடைய அம்மா நடத்துவது. திருமதி த.ஆனந்தவள்ளியை அதன் வார்டனாக நியமிக்கிறோம், ஆகஸ்ட் முதல் தேதி பணியில் சேரவும், குடும்பத்தோடு தங்க விடுதியின் பின்புறம் சிறு வீடு உண்டு.

அவர் இரண்டாம் தடவை படித்தார். மூன்றாம் தடவைக்குப் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, படிக்கவில்லை.

நிவேதா படுத்திருந்த நாட்களில் அந்த அம்மாள் அடிக்கடி பார்க்க வந்திருக்கிறாள். ஒன்றரை அறை வீடு எப்படி இப்படிப் பளிச்சென்று இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். விடுதிக்கு ஒருநாள் கூட்டிப் போனவள், பிறகு தினமும் வரச் சொல்லியிருக்கிறாள். சாப்பிட்டு எழுகிற பெண்கள் தங்கள் தட்டோடு பக்கத்துத் தட்டையும் எடுத்துப் போகும்படி ஆனந்தவள்ளி ஒரே வாரத்தில் செய்துவிட்டாளாம். இதையெல்லாம் அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் மனசு சுரண்டைக்குப் போய்விட்டது. தொண்ணூற்றெட்டில் அவருக்கு அந்த ஊரில்தான் வேலை. அங்கே ஒரு பெண்கள் விடுதியில் அவளை வார்டனாக வரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் சொன்னாள். அடுத்த மாசம் நாம எந்த ஊரோ, சேர்ந்து என்னத்துக்கு என்று சொல்லிவிட்டு அவர் மோர் கேட்டார். அவள் மோர் ஊற்றினாள். பிறகு எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்த ராத்திரியை அவர் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. இன்றைக்கு நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"உங்களுக்குப் பதினோரு டிரான்ஸ்ஃபர் வந்துச்சு" என்றாள் ஆனந்தவள்ளி. "எனக்கு இது ஒண்ணுதான் வந்திருக்கு."

"வீடு?" என்றார்.

"அதப் பாக்கத்தான வந்தேன். நீங்க குப்பையும் கூளமுமா உக்காந்திருந்தீகன்னா இந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கனயே இருந்திருப்பேன். நிசமாச் சொல்லுதேன். அப்படி இருக்கணும்னு ரயில்ல பாதி மனசு வேண்டிக்கிட்டே வந்துச்சு." காப்பி டம்ளரைத் தரையில் வைத்தாள். "அந்தத் துணியக் கையில எடுத்தேன் பாத்துக்கிடுங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு. நான் இல்லாம இந்த வீட்டுல ஒண்ணும் கெட்டுப் போவாது."

எழுபத்தோரு நாள் பார்த்துப் பார்த்து வீட்டைக் காப்பாற்றிய மனிதருக்கு, தம் கையால் எதைத் துடைத்துவிட்டோம் என்று அப்போதுதான் விளங்கியது. ஐந்து டம்ளரையும் அப்படியே போட்டு வைத்திருக்கலாம். பெல்ட் பூசணம் பூத்துத் தொலைந்திருக்கலாம்.

போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் இருந்துவிடுவாள். அதுவும் அவருக்குத் தெரியும். அன்றைக்கு மோர் கேட்ட மாதிரி இன்றைக்கும் எதையாவது கேட்டுவிட்டால் போதும்.

"என்ன செய்யணும் சொல்லு" என்றார் கடைசியில்.

"பரணுல இருந்து டிரங்குப் பெட்டிய எறக்கித் தாங்க."

நாற்காலியைப் போட்டு ஏறினார். பச்சை பெயிண்ட் அடித்த போலீஸ் டிரங்குப் பெட்டி. பதினோரு லாரியில் ஏறி இறங்கியது. மூடியில் தூசி இல்லை. அதையும் சனிக்கிழமை தவறாமல் துடைத்திருந்தார். இறக்கிக் கூடத்தில் வைத்ததும் ஆனந்தவள்ளி பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து திறந்தாள். புடவைகளை அடுக்கத் தொடங்கினாள். பதினோரு தடவையும் அடியில் அவருடைய காக்கி, மேலே மிச்சம் இருந்த இடத்தில் அவளுடையது என்றுதான் அடுக்கியிருக்கிறாள். இன்று அப்படி இல்லை. வலது பக்கத்தில் ஓர் ஓரமாக, நேராக, கோடு கிழித்த மாதிரி பெட்டியின் பாதி வரைக்கும் அடுக்கினாள். ஆறு புடவை, ஒரு போர்வை, கடிதத்தின் நகல். அத்தோடு நிறுத்திவிட்டாள்.

இடது பாதி வெறுமையாகக் கிடந்தது. அடியில் விரித்த பழைய பேப்பர் தெரிந்தது.

தங்கசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சாரல் மறுபடி கூரைத் தகரத்தில் விழுந்தது. தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

"இதுல என்ன வைக்க?" என்று கேட்டார்.

"அத நான் சொல்ல மாட்டேன்" என்றாள் ஆனந்தவள்ளி. "என்னை யாரும் கேட்டுப் பெட்டி கட்டல. நீங்க யோசிச்சே கட்டுங்க. ஒண்ணாந் தேதிக்கு இன்னும் பன்னெண்டு நாள் கெடக்கு. அது வரைக்கும் இந்தப் பெட்டி கூடத்துலயே கெடக்கட்டும், மூட வேண்டாம்."

முப்பத்து நாலு வருஷத்தில் கூடத்தில் ஒரு சாமானை அவள் அப்படியே கிடக்கட்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு எழுந்து, விளக்கேற்ற உள்ளே போனாள். அவள் காப்பி டம்ளர் தரையிலேயே இருந்தது. வெறுங்கையோடு எழுந்து போயிருக்கிறாள்.

தங்கசாமி குனிந்து அந்த டம்ளரை எடுத்தார். மற்றொரு கையில் தம்முடையதையும் எடுத்தார். இரண்டையும் பிடித்துக்கொண்டு, சமையலறைக்குப் போகாமல், பாதி நிறைந்த அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.